சயாம் அரண்மனை ஆசிரியையும் அவர் மறைத்த பிறப்பூரும்

விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கில நாவல்களைப் பயிலும் மாணவர் அனைவரும் அவற்றுள் அடிக்கடி எதிர்ப்படும் ஒருத்தியை அறிவர். அவள் இளம்பருவத்தினள், கற்றவள், கைப்பொருள் இல்லாதவள். செல்வர் மனையில் தங்கி அம்மனைச் சிறார்க்கு எழுத்தும் இசையும் பிரஞ்சு மொழியும் பயிற்றுவிப்பவள். அவளை ஆங்கிலேயர் கவர்னெஸ் என்பர். நம் மொழியில் இதற்கு நேர்ச்சொல் இன்மையின், இல்லாசிரியை என யான் ஈண்டு வழங்குவேன். அடுக்களையில் ஏனையோருடன் அமர்ந்துண்ணும் பணிப்பெண்ணும் அல்லள். கூடத்தில் விருந்தினரோடு சமமாக அமரும் குடும்பத்தாளும் அல்லள். இரண்டிற்கும் இடையே, பெரும்பாலும் மாடியில் ஒரு தனியறையில், அவள் காலம் கழிந்தது. முதுமையில் ஆதரவின்றி வாடிய இத்தகைய மகளிர் பலராயினமையின், அவர்க்கு உதவுதற்கென்றே 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சங்கம் நடைபெற்று வந்தது.

1847-ஆம் ஆண்டில் பிராண்டி சகோதரிகள் இருவர் இல்லாசிரியையைக் கதைத்தலைவியாக வைத்து இரு நாவல்களை வெளியிட்டனர். மூத்தவராகிய சார்லட் எழுதிய ஜேன் அயரை அறியாதார் இலர். இளையவராகிய ஆனி எழுதிய ஆக்னஸ் கிரேயை நம் மாணவர் அத்துணை விரும்பிக் கற்பதில்லை. ஆயினும் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதுவோர் முதற்கண் கற்கவேண்டியது பின்னதேயாம் என்பது என் துணிபு. அடங்காப் பிள்ளைகளிடம் அகப்பட்டு அல்லலுற்ற அனுபவம் ஆனி அம்மையாருக்கு உண்டு. 1839-ஆம் ஆண்டில் ஒரு செல்வர் மனையில் அவர் பணியேற்று, அவ்வாண்டு முடிவதற்குள் விலக்கப்பட்டார். இவர்கட்குப் பின், 1898-ஆம் ஆண்டில், ஹென்றி ஜேம்ஸ் என்பார் ஒரு கதை எழுதினார். அதில் ஓர் இளம் இல்லாசிரியை, இரு குழந்தைகள், ஒரு பழைய மாளிகை. அம்மாளிகையில் உலவுவன பேய்களோ, அன்றி அவள் மனத்தின் மயக்கமோ என்பது முடிவு வரை தெளியாது.

இக்கதைகளுட் பலவற்றில் மறைபொருள் வீட்டில் இருக்கும். வெளியிலிருந்து வரும் ஆசிரியை அதனைக் காண்பாள். இனி யான் கூறப்புகும் உண்மை வரலாற்றிலோ இம்முறை தலைகீழாயிற்று. வீடு அரண்மனை, மாணாக்கர் அரசன் மக்கள், மறைபொருள் ஆசிரியையிடமே இருந்தது. அதனைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் காத்தார். அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வெளிப்பட்டது.

நிற்க. இவ்வரலாற்றை யான் ஆராயத் தொடங்கியதற்குக் காரணர் என் மாணாக்கரே ஆவர். யான் திற்பரப்பிற் பிறந்தவன். இன்றும் அதன் அருகிலுள்ள ஒரு பள்ளியிற் பணிபுரிபவன். கோதையாறு ஏறத்தாழ ஐம்பதடி உயரத்துப் பாறையினின்று வீழ்வதைக் காண வருவோர் எம்மூரை அறிவர். அருவியின் அருகே நிற்கும் மகாதேவர் கோயில், சிவராத்திரியில் அடியார்கள் கோவிந்தா கோபாலா என்று முழங்கிக்கொண்டு ஓடி வணங்கும் பன்னிரு சிவாலயங்களுள் மூன்றாவது. ஊரார் பலர்க்கும் ரப்பர்த் தோட்டமே பிழைப்பு. விடியுமுன் தந்தையோடு மரம் வெட்டவும் பாலெடுக்கவும் சென்று, பின்னர் வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் உளர். அவருட் சிலர் உறங்குவர்; ஏனையோர் உறங்குவாரையும் உறங்கவொட்டார்.

ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகல். மழை ஓட்டின்மேற் கொட்டிய ஒலியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சந்தையாயிற்று. பாடத்தை மூடிவைத்து, மேசையருகிற் சென்று நின்று, ஒரு கதை சொல்கின்றேன், அதில் ஒரு பொய் இருக்கின்றது, கண்டுபிடியுங்கள் என்றேன். கூச்சல் அடங்கிற்று. பின்வரிசையில் ஒருவன் மட்டும், கைபேசி இருந்தாற் கூகிளிற் பார்த்துவிடலாம் என்றான். பள்ளியிற் கைபேசிக்கு இடமில்லை என்பது அன்று எனக்கு நன்மையாயிற்று.

யான் சொன்ன கதை இது. ஆனா லியோனோவென்ஸ் என்னும் ஆங்கில மாது 1834-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்னார்வன் நகரிற் பிறந்தார். தந்தை கிராபோர்டு என்னும் காப்டன். இந்தியாவிற் சீக்கியர் கலகத்திற் கொல்லப்பட்டார். வேல்சிற் கல்வி முடித்துப் பதினைந்தாம் வயதில் தாயைக் காண இந்தியா வந்த ஆனா, ஓர் இளம் படைத்தலைவரை மணந்தார். பின்னர்ச் செல்வம் அழிந்தது. கணவர் சிங்கப்பூரில் புலி வேட்டைக்குச் சென்று வெயிலின் கொடுமையால் மாண்டார். இரு குழந்தைகளுடன் தனித்து நின்ற ஆனா அந்நகரிற் சிறுபள்ளி ஒன்று நடத்தினார். அப்போது சயாம் மன்னர் மோங்குத் தம் மக்கட்கு ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியையைத் தேடினார். 1862-ஆம் ஆண்டு பெப்ருவரி 26-ஆம் நாள் மன்னர் எழுதிய கடிதத்தின்படி, மகளை இங்கிலாந்திற் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வயது மகன் லூயிசைக் கைப்பிடித்துக்கொண்டு அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பாங்காக் சென்றடைந்தார். 1867 வரை அங்குப் பணிபுரிந்தார்.

இதில் எது பொய் என்று கேட்டேன். ஒருவன் கணவனை அவளே கொன்றிருப்பாள் என்றான். மற்றொருவன் புலி வேட்டை பொய். வெயிலில் யார் வேட்டைக்குப் போவார் என்றான். ரப்பர் வெட்டுவோன் மகனாகையால் வெயிலையும் வேளையையும் அவன் அறிவான்! சன்னலோரத்து மாணவி ஒருத்தி, யாதும் பேசாதவள், எழுந்து, "சாரே, அவிய நம்ம நாட்டுக்காரியாத்தான் இருக்கும்" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று வினவினேன். இங்கிலாந்திற் பிறந்த ஒருத்திக்கு இங்கிலாந்திற்குப் போக ஏன் மனம் வரவில்லை என்று எதிர்வினா விடுத்தாள். கணவன் இறந்தபின் பிறந்த வீட்டிற்குச் செல்வதன்றோ இயல்பு என்பது அவள் கருத்து. இலண்டனிற் பதிவேடு புரட்டிய அறிஞரும் இவ்வினாவை இத்துணைச் சுருக்கமாக எழுப்பினாரல்லர்.

அவ்வறிஞர் பெயர் பிரிஸ்டோ. சிலந்திகளை ஆராய்வதிற் பெயர்பெற்றவர் அவர். சிலந்தியைத் தேடிச் சயாம் சென்றவர் அந்நாட்டின்மேற் பற்றுக்கொண்டு, ஆனாவின் மகன் லூயிசின் வரலாற்றை எழுதத் தலைப்பட்டார். லூயிஸ் இலண்டனிற் பிறந்தவர் என வழங்கிய செய்தியைச் சரிபார்க்க அந்நகர்ப் பதிவுகளைப் புரட்டினார், அப்பெயர் இல்லை. இழை ஒன்று அறுந்தது. அதனைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றார். 1976-ஆம் ஆண்டில் அவர் நூல் வெளிவந்தது. பின்னர் 2008-இல் சூசன் மார்கன் என்னும் அம்மையாரும், 2014-இல் ஆல்பிரட் ஹபெக்கர் என்பாரும் விரிவான வரலாறுகள் எழுதினர். இம்மூவர் நூல்களாலும் தெளிந்த செய்தியைச் சொல்வேன்.

ஆனா பிறந்தது 1834 அன்று, 1831 நவம்பர். பிறந்த ஊர் கார்னார்வன் அன்று. பம்பாய் மாகாணத்து அகமதுநகர். அவ்வூர் இன்று அகில்யாநகர் எனப்படுகின்றது. தந்தை காப்டனும் அல்லர், கிராபோர்டும் அல்லர். தாமஸ் எட்வர்ட்ஸ் என்னும் சார்ஜண்டு. சேனையிற் சேருமுன் மரவேலை செய்தவர். மகள் பிறக்குமுன்னரே இறந்தவர். தாய் மேரி ஆனி கிளாஸ்காட், பம்பாய்ச் சேனையின் ஆங்கில அதிகாரி ஒருவர்க்கு இந்தியாவிற் பிறந்த மகள். கணவர் இறந்தபின் டானஹோ என்னும் ஐரிஷ் படைவீரரை மணந்தார். ஆகவே ஆனா வளர்ந்தது படைக் குடியிருப்பில், மாற்றாந்தந்தை நிழலில், மராட்டியும் இந்துஸ்தானியும் காதில் விழும் தெருக்களில்.

1849-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் புனாவில் அவர் மணந்தது படைத்தலைவரையன்று. தாமஸ் லியோன் ஓவென்ஸ் என்னும் எழுத்தரை. கணவரின் இடைப்பெயரையும் கடைப்பெயரையும் ஒட்டித் தைத்ததே லியோனோவென்ஸ் என்னும் புதுப்பெயர். இரு குழந்தைகள் பிறந்து இறந்தன. 1853-இல் குடும்பம் மேற்கு ஆஸ்திரேலியா சென்றது. லூயிஸ் அந்நாட்டிற் பிறந்தான். அங்கும் வாழ்வு செழிக்கவில்லை. பின்னர்ப் பினாங்கு வந்தனர். 1859-ஆம் ஆண்டு மே மாதத்தில், விடுதி நடத்திவந்த கணவர் அவ்வூரில் இறந்தார். கல்லறை இன்றும் பினாங்கின் பழைய சீர்திருத்தச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றது. சிங்கப்பூரும் இல்லை, புலியும் இல்லை.

இளைஞர் ஆராய்ச்சியில் ஈடுபடுங்கால் இதில் ஒன்றைக் கவனித்தல் நன்று. பொய் பெரியதாயினும் அதன் பகுதிகள் பல மெய்யின்மேற் கட்டப்பட்டவை. தந்தை படையிலிருந்தார், ஆனால் சார்ஜண்டு. கணவர் வெப்ப நாட்டிலே இறந்தார், ஆனால் பினாங்கில். பள்ளி நடத்தியதும் கைம்பெண்ணாய் வருந்தியதும் மெய்யே. ஆனா ஒரு புது வாழ்வைக் கற்பித்தாரல்லர். உள்ள வாழ்வை இரண்டு படி உயர்த்தி வைத்தார். இங்ஙனம் திருத்தப்பட்ட வாழ்க்கையைக் கண்டுபிடித்தல் முழுப்பொய்யைக் கண்டுபிடித்தலினும் அரிது.

எதற்காக மறைத்தார்? அக்காலத்துக் குடியேற்ற நாடுகளின் ஐரோப்பிய சமுதாயத்தில், இந்தியாவிற் பிறந்த சார்ஜண்டின் மகள் என்பதே ஒரு குறை. தாய்வழியில் இந்திய இரத்தம் கலந்தவள் என்னும் ஐயம் எழுந்தால் அது தீராக்குறை. அத்தகையோர் ஆங்கிலம் பேசும் ஒலிக்கு ஓர் இழிபெயரிட்டு நகைத்தனர். வேல்ஸ் நாட்டை அவர் பிறப்பூராகத் தேர்ந்ததற்கு இவ்வொலியே காரணமாகலாம் என்பது என் சொந்த ஊகம். இலண்டனார்க்கு வேல்ஸ் நாட்டார் பேச்சும் வேறுபட்டதன்றோ? வேறுபாட்டிற்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

இம்மறைப்பிற்கு அவர் செலுத்திய விலை சிறிதன்று. பெற்ற தாயோடும் உடன்பிறந்த எலைசாவோடும் தொடர்பு அறுத்துக்கொண்டார். எலைசாவின் பேரன் ஒருவன் பிற்காலத்துத் தன் பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கா சென்று திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்றான். 1931-ஆம் ஆண்டு வெளிவந்த பிராங்கன்ஸ்டைன் படத்தில் அச்சந்தரும் உருவமாக நடித்த போரிஸ் கார்லாஃப் அவனே. பெயர் மாற்றம் இக்குடியின் பரம்பரைச் சொத்துப்போலும்!

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று காட்டலாம். நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் பணியை 1818 முதல் நிலைநிறுத்தியவர் சார்லஸ் மீட் ஐயர். மால்ட் அம்மையார் 1819-இல் வந்து சிறுமியர்க்கு எழுத்தும் ரேந்தைப் பின்னலும் கற்பித்ததும் இந்நகரிலேயே. முன்னை மனைவியர் இறந்தபின், 1850-களின் தொடக்கத்தில், மீட் ஐயர் லோயிஸ் என்னும் இந்நாட்டு மாதை மணந்தார். உடனிருந்த ஐரோப்பியர் அதனைப் பொறுத்தாரல்லர். முப்பது ஆண்டுகட்கு மேல் உழைத்தவர் சங்கத்தை விட்டு விலகித் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளை மேற்பார்க்கும் பணியில் அமர்ந்தார். ஆனா தம் கணவருடன் ஊர்விட்டு ஊர் அலைந்த அதே பத்தாண்டில் நிகழ்ந்தது இது. மறைக்காதவர்க்கு நேர்ந்தது இதுவாயின், மறைத்தவளை நோக்கி விரல் நீட்டுமுன் நாம் சற்றுத் தயங்குதல் தகும்.

ஆயினும் தயக்கத்தோடு ஆராய்ச்சி நின்றுவிடல் கூடாது. ஏனெனில் தம்மைப்பற்றிப் பொய் கூறியதோடு அவர் அமைந்தாரல்லர். தம் மாணாக்கரின் தந்தையைப்பற்றியும் எழுதினார்.

மோங்குத் மன்னர் அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் பௌத்தத் துறவியாக வாழ்ந்தவர். பாலியும் இலத்தீனும் ஆங்கிலமும் கற்றவர். வானநூலில் வல்லவர், 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை முன்னரே கணித்து, அயல்நாட்டாரையும் அழைத்துக்கொண்டு சென்று கண்டவர், ஆங்குப் பற்றிய காய்ச்சலால் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் உயிர்துறந்தவர். ஆட்சிக்கு வந்தவுடனே அமெரிக்கப் பாதிரிமாரின் மனைவியரை அந்தப்புரத்திற் கற்பிக்க அமர்த்தினார். அவர்கள் பாடத்தினும் பிரசங்கத்தில் மிகுதியும் ஈடுபட்டமையால் அவ்வேற்பாடு நிலைக்கவில்லை. எனவேதான் ஆனாவுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கில மொழியும் அறிவியலும் இலக்கியமும் கற்பித்தல் போதும், மதமாற்றம் வேண்டா என்னும் பொருள்பட முன்கூட்டியே வரையறுத்தார். இதனைப் படிக்கும் மிஷன் கல்லூரி மாணவர் புன்னகை புரியலாம். நாம் சினம் கொள்ளவேண்டுவதில்லை.

வகுப்பு அந்தப்புர வளாகத்துக் கோயிற் கூடம் ஒன்றில் நடைபெற்றது. மன்னர்க்குப் பிறந்த மக்கள் மொத்தம் 82 பேர். அவருள் கற்கும் வயதினர் அங்கு வந்தனர். அரசியர் சிலரும் உடனமர்ந்தனர். இச்சிறார் அடங்காதவர் என்று நாடகம் எழுதினோர் காட்டினர். தொல்லை அடங்காமையன்று, அவரை அடக்குதற்கு உரியார் இல்லாமையே. பணியாளர் எதிரே தவழ்ந்து செல்லும் ஐந்து வயதுக் குழந்தையை, கூலிபெறும் ஓர் அயலாள், தவறு, மீண்டும் எழுது என்று எங்ஙனம் சொல்வது? ஆனி பிராண்டி ஒரு செல்வர் மனையிற் பட்ட துன்பமும் ஆனா அரண்மனையிற் பட்ட துன்பமும் ஓரினத்தனவே. ஆசிரியைக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை.

மாணாக்கருள் மன்னர்க்கு உயிரனைய ஒரு சிறுமி இருந்தாள். அவளை அரண்மனையார் ஃபா யிங் என்றழைத்தனர். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், எட்டு வயதில், வாந்திபேதியால் அவள் இறந்தாள். இவள் பொருட்டு ஆனா எழுதிய பக்கங்களைப் படிக்குங்கால் அவை புனைவென்று தோன்றவில்லை. தம் முதற்குழந்தைகள் இரண்டை இழந்த ஒரு தாய் எழுதியவை அவை. இங்கு அவர்க்கு மறைக்கவேண்டுவது ஒன்றும் இல்லை. உயர்த்திக் காட்டவேண்டுவதும் இல்லை.

ஏனைய பக்கங்கள் அத்தகையன அல்ல. சம்பளத்தைப்பற்றியும், கடிதம் எழுதும் கூடுதல் வேலையைப்பற்றியும் மன்னரோடு அவர் பலகால் மாறுபட்டார். 1870-இல் சயாம் அரண்மனையைப்பற்றிய முதல் நூலும், 1873-இல் அந்தப்புரத்தைப்பற்றிய இரண்டாம் நூலும் அமெரிக்காவிலிருந்து எழுதி வெளியிட்டார். மன்னர் அதற்குள் இறந்துவிட்டார். இரண்டாம் நூலில், துறவி ஒருவரொடு சேர்ந்திருந்தாள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட இளம்பெண் ஒருத்தி வதைக்கப்பட்டு ஊரறிய எரிக்கப்பட்டாள் என்றும், அரண்மனையடியில் நிலவறைச் சிறைகள் இருந்தன என்றும் கதைகள் வருகின்றன. பாங்காக் ஆற்றோரத்துச் சேற்று நிலம். சில அடி தோண்டினால் நீர் ஊறும். அங்கு நிலவறை எங்ஙனம் அமையும் என அறிஞர் வினவினர். அத்தகைய எரிப்பு நிகழ்ந்தமைக்கு வேறெவர் குறிப்பிலும் சான்று இல்லை.

இப்புனைவு நூலோடு நின்றிருப்பின் கெடுதி குறைவு. 1944-இல் மார்கரெட் லேண்டன் என்னும் அம்மையார், தாமும் சயாமில் மிஷன் பள்ளியிற் பணிபுரிந்தவர், ஆனாவின் நூல்களையும் அவர் தம் பேரப்பிள்ளைகட்குக் கூறிய வாழ்க்கை வரலாற்றையும் நம்பி ஒரு நாவல் செய்தார். அதிலிருந்து 1946-இல் திரைப்படம், 1951-இல் இசைநாடகம், 1956-இல் மீண்டும் திரைப்படம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அறிந்த மோங்குத், கால்மேற் கால் போட்டு ஆடிப்பாடும் ஒரு முரட்டு வேடிக்கை மன்னர் ஆயினார். தாய்லாந்து அரசு 1956-ஆம் ஆண்டுப் படத்தைத் தடைசெய்தது. 1999-இல் வந்த புதுப்படத்தையும் அனுமதிக்கவில்லை.

அவர் மாணாக்கருள் தலையாயவர் சூலலங்கார்ன் இளவரசர். ஆனா வந்தபோது அவர்க்கு வயது எட்டு. பதினைந்தாம் வயதில் மன்னராகி, எதிரே தவழும் வழக்கத்தை 1873-இல் ஒழித்தார். அடிமை முறையைப் படிப்படியாகக் குறைத்து 1905-இல் முற்றும் நீக்கினார். இவை தம் போதனையின் பயன் என்று ஆனா கருதினார். மன்னரோ இளமையிலேயே சிங்கப்பூர், ஜாவா, இந்தியா ஆகிய நாடுகட்கு நேரிற் சென்று ஆட்சிமுறைகளைக் கண்டவர். தந்தையின் அறிவும் அவர்க்கு வழிகாட்டிற்று. எழுத்தறிவித்த ஆசிரியைக்கு ஒரு பங்கு உண்டு, முழுப்பங்கு இல்லை. 1897-இல் இலண்டனில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். உடனிருந்த பேத்தியின் நினைவுக்குறிப்பின்படி, தம் தந்தையை நகைப்பிற்கு இடமாக்கி அத்தகைய நூலை எழுதியது ஏன் என்று மன்னர் நேர்முகமாகவே வினவினார். முப்பது ஆண்டுகட்குப்பின் மாணவன் ஆசிரியையைக் கேட்ட வினா அது. அடக்கமான மாணவனே, ஆனால் அவ்வினாவை விழுங்கிவிடவில்லை.

ஆனாவின் சாட்சியம் அனைத்தையும் தள்ளுவோமா என்றால், அதுவும் தகாது. அந்தப்புர மகளிரின் அன்றாட வாழ்க்கையை உள்ளிருந்து கண்டு எழுதிய அயல்நாட்டார் மிகச் சிலரே. யான் கையாளும் அளவுகோல் ஒன்றுண்டு. எந்த இடத்தில் எழுதுவோர் தம்மை மீட்பராகவும் பிறரைக் கொடியராகவும் காட்டுகின்றனரோ அங்கே வேறு சான்று கிடைக்கும்வரை நில்லுங்கள். குழந்தையின் சாவு, மைக்கறை, உறக்கம், மழை, சம்பளத் தகராறு, இவை போல்வன வருமிடத்து நடக்கலாம். வேறொன்றும் உண்டு. உயர்குடி ஆங்கிலமாது என்னும் வேடம் பூண்டவர், அவ்வேடத்திற்கேற்ற கண்ணாற் சயாமைக் காணவேண்டியவராயினார். உண்மையில் அவர் கீழ்நாட்டுப் படைக் குடியிருப்பில் வளர்ந்த பெண். அந்நாட்டு மகளிரின் துயரம் அவர்க்கு விளங்கியது அவ்வளர்ப்பால் அன்றோ? ஆயின் அதனை அவர் சொல்ல இயலாது. சொல்லின் பிறப்பூர் வெளிப்படும். பிறந்த ஊரை மறைத்தவர்க்கு, கண்ட நாட்டை உள்ளவாறு உரைத்தலும் அரிதாயிற்று என்று யான் எண்ணுகின்றேன்.

பின்னர் அவர் கனடா சென்றார். ஹாலிபாக்ஸ் நகரில் 1887-இல் ஓவியப்பள்ளி ஒன்றை நிறுவியோருள் ஒருவரானார். அஃது இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. 1915 ஜனவரி 19-ஆம் நாள் மான்ட்ரியலில் இறந்தார். அருகிலிருந்த மக்கட்கும் உண்மை தெரியாது.

இவற்றையெல்லாம் யான் வகுப்பிற் சொல்லி முடிப்பதற்கு மூன்று பிற்பகல்கள் சென்றன. மூன்றாம் நாள், பொய் சொன்னது தப்புத்தானே சாரே என்று ஒருவன் கேட்டான். உடனே விடைசொல்ல எனக்கு நா எழவில்லை.

யான் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் முதலாண்டு சேர்ந்தபோது, ஊர் யாதென்று கேட்டவர்க்கெல்லாம் நாகர்கோவில் என்றே சொன்னேன். எங்கள் பேச்சிற் கலந்த மலையாளச் சொற்களைக் கேட்டு உடன்பயில்வோர் நகைத்தமையால், இரண்டு மாதத்தில் நாவையும் மாற்றிக்கொண்டேன். ஒருநாள் என் தந்தையார் மரச்சீனிக் கிழங்கும் நேந்திரங்காயும் மூட்டை கட்டிக்கொண்டு விடுதி வாயிலில் வந்து நின்றார். என்னைப் பள்ளிப்பெயராற் கேட்க அறியாமல், வீட்டிலழைக்கும் பெயரைச் சொல்லி, திற்பரப்புப் பையன் என்று கேட்டிருக்கின்றார். அப்படி ஓர் ஊர்க்காரன் இங்கு இல்லை என்று உண்மையாகவே சொன்னார்கள். அந்தி வரை நின்று, மூட்டையை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அது யாருக்கு வந்தது என்று தெரியாமல் விடுதியார் அனைவரும் பங்கிட்டு உண்டனர், யானும் உண்டேன். பின்னர் விடுமுறைக்குச் சென்றபோதுதான் அறிந்தேன். தந்தையார் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. விடுதியின் பெயரைத் தாம் தவறாகக் கேட்டுக்கொண்டதாகவே அவர் இறுதிவரை நம்பினார்.

இதனை அவ்வகுப்பிற் சொன்னேன். முதன்முறையாக, மழையின் ஒலி இல்லாமலே, அவ்வகுப்பு அமைதியாயிருந்தது.

சன்னலோரத்து மாணவி மட்டும் ஏட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஆனாவின் குடிவழியை மரம்போல் வரைந்திருந்தாள். கீழே லூயிசும் அவன் தமக்கையும். மேலே தாமஸ் எட்வர்ட்ஸ், மேரி ஆனி. அதற்கும் மேலே கிளாஸ்காட் என்னும் அதிகாரி. அவர் பெயரருகே ஒரு கோடு மட்டும் இழுத்து வெறுமையாக விட்டிருந்தாள். "சாரே, இந்தப் பாட்டிக்கு என்ன பேரு?" என்றாள். அதிகாரியின் பெயர், படைப்பிரிவு யாவும் ஏட்டில் உள்ளன; அவர் மனைவியின் பெயர் மட்டும் எப்பதிவிலும் கிடைக்கவில்லை; இந்தியப் பெண்ணோ கலப்பினத்தவளோ ஆகலாம் என்பதே அறிஞர் கருத்து என்று சொன்னேன். அவள் கோட்டை அழிக்கவில்லை. ஏட்டை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவ்வகுப்பிற் பதினொரு பேர், யான் பணிக்காமலே, தம் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரையும் அவள் தாயின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தனர். இருவர்க்கு அதற்கும் மேலே ஒரு பெயர் கிடைத்திருந்தது. என் பாட்டியின் தாய் பெயரைக் கேட்டனர். எனக்குத் தெரியவில்லை. அதனைச் சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரே உளர். அவர் குலசேகரத்தில் இருக்கின்றார். வருகின்ற ஞாயிறன்று போகவேண்டும்.